பொடி தூவிய பூச்சி

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் ஒருவன் உண்டு என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தேரைக்குப் படியளக்கும் பொறுப்போ முழுவதும் மனிதன் தலையில் விழுந்துவிடுகிறது. ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் செல்லப்பிராணிக் கடைகளில் மரத்தவளைகள் விலைக்குக் கிடைக்கின்றன. அவுஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளையும் மத்திய அமெரிக்காவின் சிவப்புக்கண் மரத்தவளையும் அவற்றுள் பெயர்பெற்றவை. புலம்பெயர்ந்த நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் கேட்டு அடம்பிடிக்கக்கூடிய பொருள்தான். தவளையோடு சேர்த்து ஓர் உணவு முறையும் விற்கப்படுகிறது: பண்ணையில் வளர்த்த சுவர்க்கோழிப் பூச்சி, அந்தப் பூச்சிக்கு ஓரிரு நாள் சத்துள்ள தீனி, கடைசியில் அதன்மேல் கல்சியப் பொடி, வாரத்துக்கு இத்தனை தடவை என்றொரு கணக்கு. இந்த முறை தவளைகளை உயிரோடு வைத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. அது எதைச் சரிசெய்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது, யாழ்ப்பாணத்துக் குளியலறைச் சுவரில் தன்பாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் தேரையைப் பிடித்துப் பெட்டியில் போட்டால் இந்தக் கணக்கு அங்கே செல்லுமா என்பவைதான் எடைபோட வேண்டியவை. என் கணிப்பில், பூச்சியைத் திருத்தியது இந்த முறையின் பலம். காலத்தை மறந்தது அதன் குறை.

முதலில் நம்முடைய தேரையைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளில் காணப்படுவது பொலிபெடேட்டசு மக்குலேற்றசு என்ற மரத்தவளை இனம். ஜோன் எட்வர்ட் கிரே 1830இல் இதை விவரித்துப் பெயரிட்டார். இந்தியா, இலங்கை, நேபாளம், பங்களாதேசம் எங்கும் உள்ள பொது இனம் இது. பகலில் கைகால்களை வயிற்றுக்கடியில் செருகிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் பின்புறத்திலோ வாழைமடல் இடுக்கிலோ குளியலறை யன்னல் சட்டத்திலோ, காய்ந்த சேறு ஒட்டியதுபோல் அசையாமல் கிடக்கும். இருட்டியபின் விரல்நுனித் தட்டுகளால் சுவரைப் பற்றிக்கொண்டு விளக்கடிக்கு வரும். அங்கே அதற்குக் கிடைப்பவை அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, சிறு கரப்பான், வண்டு, சிலந்தி என்று கலவையானவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈசல் கிளம்பினால் ஒரே இரவில் வயிறு புடைக்கத் தின்னும். அதே மழையில்தான் கிணற்றடித் தொட்டியின் உட்சுவரிலும் நீருக்கு மேலே தொங்கும் இலையிலும் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். சோளகம் வீசி மண் வெடிக்கும் மாதங்களில் ஈரமான இடுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, தின்றும் தின்னாமலும் காலத்தைக் கடத்தும். அதன் சாப்பாட்டில் வகை இருக்கிறது, பெருக்கு இருக்கிறது, வற்றும் இருக்கிறது. பெட்டிக்குள் இந்த மூன்றையும் மாற்றீடு செய்ய முடியுமா என்பதை வைத்தே வளர்ப்பு முறையை அளக்க வேண்டும்.

தவளைக்கு உணவு கொடுப்பதில் முதல் சிக்கல் அதன் கண்ணிலேயே தொடங்குகிறது. அசைவதைத்தான் அது உணவாக எடுத்துக்கொள்கிறது. தட்டில் வைத்த இறைச்சித் துண்டு, எவ்வளவு சத்துள்ளதானாலும், அதற்குக் கல்லும் ஒன்றுதான். பூச்சி நகர்ந்தால் தேரையின் தலை மெல்லத் திரும்பும், முன்கால்கள் நிமிரும், பிறகு நாக்கு. கவ்வியதை மென்று தின்னும் வசதி அதற்கு இல்லாததால் முழுசாக விழுங்குகிறது. விழுங்கும்போது இரண்டு கண்களும் தலைக்குள் அமிழ்ந்து இரையைத் தொண்டைக்குள் தள்ளிவிடுவதை உற்றுப் பார்ப்பவர் எவரும் காணலாம். இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. இரை உயிரோடு இருக்க வேண்டும். தவளையின் இரு கண்களுக்கிடையே உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இரண்டுமே சரியான விதிகள். ஆனால் உயிருள்ள இரையை ஆண்டு முழுவதும், ஒரே அளவில், நோயின்றித் தரக்கூடியது பூச்சிப் பண்ணை மட்டுமே. பண்ணையில் இலாபமாக வளரக்கூடிய பூச்சிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. தவளைக்கு எது நல்லது என்று கேட்டுத் தேர்ந்த உணவு அல்ல சுவர்க்கோழி. நெரிசலில் வளரும், விரைவாகப் பெருகும், பெட்டியில் அடைத்து அனுப்பலாம் என்பதால் தேர்ந்தது. முறையின் மற்ற எல்லா ஏற்பாடுகளும் இந்தத் தேர்வின் குறையை அடைப்பதற்காகவே பின்னால் வந்தவை.

அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை எண்கள் காட்டுகின்றன. விற்பனைக்கு வளர்க்கப்படும் பூச்சிகளின் சத்துகளை மார்க் ஃபின்கே அளந்து 2002இல் வெளியிட்டார். வளர்ந்த சுவர்க்கோழியில் கிலோவுக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியமும் 2,950 மில்லிகிராம் பொஸ்பரசும் இருந்தன. மாவில் வளரும் வண்டுப் புழுவில் கல்சியம் 170 மில்லிகிராம் அளவுதான், பொஸ்பரசு 2,850. உடல் கல்சியத்தைச் சரியாகப் பயன்படுத்த, அது பொஸ்பரசுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். சுவர்க்கோழியில் ஏழில் ஒரு பங்கு, மாவுப்புழுவில் பதினேழில் ஒரு பங்கு. இப்படியே தின்று வளரும் தவளை தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை உருவிக் காலம் தள்ளுகிறது. தாடை இரப்பர்போல் வளையும், பின்கால் எலும்பு கோணும், பாயப்போன இடத்தில் சரிந்து விழும், கடைசியில் விரல்கள் இழுத்துத் துடிக்கும். மெலிந்து கைகால் சூம்பிய குழந்தையைத் தேரை விழுந்த பிள்ளை என்று சொல்லி, பாவம், இந்தப் பிராணியின்மேல் பழிபோட்டு வந்திருக்கிறோம். பெட்டிக்குள் மேலே சொன்ன எலும்புநோய் தேரைக்கே வருகிறது, மனிதன் கையால். கல்சியப் பொடி தூவும் வழக்கம் இந்த எலும்புநோயைப் பெரிதும் தடுக்கிறது. தவளையின் வாயை மாற்ற முடியாது, பூச்சியை மாற்றலாம் என்று கண்டது உண்மையில் நுட்பமான யோசனை. இந்த முறையைக் குறைகூறும் எவரும் முதலில் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பொடி பூச்சியின் முதுகில்தான் இருக்கிறது. சுவர்க்கோழி சுத்தம் பார்க்கும் பிராணி. கால்களாலும் வாயாலும் தன்னைத் துடைத்துக்கொண்டே இருக்கும். ஈரமான பெட்டிக்குள் விட்ட பூச்சியை உடனே பிடிக்காமல் தவளை நள்ளிரவில் பிடித்தால், அதற்குள் மருந்து பெட்டியின் தரையில் உதிர்ந்திருக்கும். தின்னப்படாமல் தங்கிய பூச்சி பசியெடுத்து, தூங்கும் தவளையின் தோலையே கடிப்பதும் உண்டு. இதற்கு மாற்றாக வந்தது பூச்சியின் குடலை நிரப்புவது. வாசிங்டன் தேசிய விலங்கியல் பூங்காவைச் சேர்ந்த மேரி அலனும் ஒலவ் ஒப்டெடாலும் 1989இலேயே இதற்கு வழி காட்டினார்கள்: எட்டு வீதம் கல்சியம் உள்ள உலர்தீனியை இரண்டு நாள் தின்ற சுவர்க்கோழியின் கணக்கு தவளைக்குச் சாதகமாகத் திரும்புகிறது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் எட்டு வீதம். கீரை, கரட் துண்டு போட்டால் போதும் என்ற பரவலான நம்பிக்கை இதனோடு ஒத்துவராது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் முருங்கையிலையைப் போடலாம். கீரைகளில் கல்சியமும் கரட்டின் நிறப்பொருளும் மிகுந்தது அது. அந்த நிறப்பொருளுக்காக அது நல்ல தெரிவு. கல்சியத்துக்காக அதை மட்டும் நம்புவது கைகொடுக்காது, ஏனென்றால் நீர் நிறைந்த பச்சையிலை அந்த எட்டு வீதத்தை எட்டவே எட்டாது. பசளிக்கீரையோ ஒக்சலேற்றால் கல்சியத்தைக் கட்டிப்போடுகிறது. குடாநாட்டுக் கரைகளில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை மாவாக அரைத்தால் அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுத்தான். முட்டைக்கோதும் அப்படியே. கடைப்பொடியில் உள்ள கல்சியத்துக்கு இவை குறைந்தவை அல்ல. வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் கூடாது. அது காரம் மிகுந்தது, தேரையின் ஈரத்தோலைச் சுட்டுவிடும்.

கல்சியம் ஒரு பக்கம் இருக்க, விற்றமின் ஏ விடயம் இந்த முறையின் உள்ளிருக்கும் ஆபத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக்கே உரிய தேரையினம் ஒன்று காட்டில் அருகிப்போய், மீட்பு நிலையங்களில் வளர்க்கப்பட்டது. அங்கே சில தேரைகள் இரை முன்னால் இருந்தும் மெலிந்தன. நாக்கை நீட்டின, பூச்சியைத் தொட்டன, ஆனால் பூச்சி ஒட்டவில்லை. நாக்கின் பசைசுரக்கும் மென்தோல் தடித்த தோலாக மாறிப்போயிருந்தது. விற்றமின் ஏ குறைந்தால் இப்படி நேரும் என்பதை அலன் பெசியர் முதலான கால்நடை நோயியலாளர்கள் 2005 அளவில் எடுத்துக்காட்டினார்கள். பூச்சிகளில் ஆயத்த விற்றமின் ஏ மிகச் சொற்பம். அதுவரை நல்ல முறை என்று கருதப்பட்டதைப் பின்பற்றிய, அனுபவமிக்க நிலையங்களிலேயே இது நடந்தது. சிவப்புக்கண் மரத்தவளையில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு பக்கத்தைத் தொட்டது. கரட்டில் உள்ளது போன்ற நிறப்பொருள் கூடிய தீனி தின்ற பூச்சியை உண்ட தவளைகள் நிறத்தில் தெளிந்தன, முட்டையும் கூடுதலாக இட்டன. அதாவது மற்றத் தவளைகள் உயிரோடு, எலும்பு நேராக, ஆனால் ஏதோ குறைந்த நிலையில் இருந்திருக்கின்றன. பொடி தூவும் முறை ஒவ்வொரு தடவையும் ஒரு சத்தைக் கண்டுபிடித்துச் சேர்க்கிறது. அந்தச் சத்து இல்லை என்பது முதலில் நோயாக வெளிப்பட்ட பிறகுதான் சேர்க்கிறது. போதாததற்கு, கூடினாலும் கேடு: விற்றமின் டி மிகைத்தால் மெல்லிய உறுப்புகளில் கல்சியம் படியும், ஏ மிகைத்தால் டியின் வேலை கெடும். திறந்த பொடிப்போத்தலை வெக்கையும் ஈரப்பதனும் உள்ள அறையில் மாதக்கணக்கில் வைத்தால் விற்றமின்கள் சிதைந்து வெறும் சுண்ணாம்புத் தூள் மிஞ்சும். போத்தலைத் திறந்த திகதியை எழுதி வைக்கும் சின்னப் பழக்கத்தை எந்தக் கடைக்காரரும் வற்புறுத்துவதில்லை.

இதுவரை சொன்னவை திருத்தக்கூடிய குறைகள். திருத்தக் கடினமான குறை வேறு. வளர்ப்பு முறை எதைக் கொடுப்பது என்பதில் செலவிட்ட கவனத்தில் பாதியைக்கூட எப்போது நிறுத்துவது என்பதில் செலவிடவில்லை. குஞ்சுகளுக்கு நாள்தோறும், வளர்ந்தவைக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை என்பது வழக்கமான அறிவுரை. வருடம் முழுவதும் அதே அளவு. வெளியே ஈசல் நாளும் உண்டு, சோளக மாதமும் உண்டு என்பதை இந்த அட்டவணை அறியாது. ஓடியாட இடமில்லாத பெட்டியில், தேடாமல் கிடைக்கும் இரையைத் தின்னும் தவளை கொழுக்கிறது. அவுஸ்திரேலியப் பச்சை மரத்தவளையின் கண்ணுக்குமேல் தோல்மடிப்பு தடித்துத் தொங்குவதைப் பலர் அழகென்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது கொழுப்பு. தீனியாக விற்கப்படும் மெழுகுப்புழுவில் கால்வாசி கொழுப்பே. தவளை அதை ஆசையாகத் தின்னும் என்பதால் அதையே கொடுப்பவர் உண்டு. கனடிய ஆய்வாளர்கள் 2001இல் கியூபா மரத்தவளைகளில் இன்னொன்றைக் கண்டார்கள். கொலஸ்திரோல் மிகுந்த தீனி தின்ற சுவர்க்கோழிகளைக் கொடுத்தபோது தவளைகளின் குருதியில் கொழுப்பு ஏறியது, கண்ணின் கருவிழித்தோலில் வெண்படலமாக அது படிந்தது. அசைவைக் கண்டே உண்ணும் பிராணிக்குக் கண் மங்கினால் மிஞ்சுவது பட்டினி. அளவுக்கு மீறிய அன்பு பட்டினியில் கொண்டுபோய் விடுகிற இந்தச் சுற்று வளர்ப்பு ஏடுகளில் ஓரிரு வரியோடு முடிந்துவிடுகிறது. நியாயமான மாற்றம் எளிது: தவளையை மாதமொரு முறை தராசில் நிறுத்து, நிறையைப் பார்த்து இரையைக் குறைப்பதும் கூட்டுவதும். அந்தந்த இனத்தின் வறண்ட பருவத்தில் சில வாரங்கள் மட்டாகக் கொடுப்பதும் அதில் சேரும். பூச்சி விற்பவருக்கு இதில் ஆதாயம் இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அவுஸ்திரேலியப் பச்சை மரத்தவளை பெட்டிக்குள் பதினைந்து ஆண்டுக்கும் மேல் வாழ்கிறது. வெளியே பாம்புக்கும் பறவைக்கும் வறட்சிக்கும் தப்பி அந்த வயதை எட்டுவது மிகச் சில. ஆயுளே சாட்சி, முறை சரிதான் என்கிறார்கள். இந்த வாதம் பாதி உண்மை. பாம்பில்லாத இடத்தில் ஆயுள் நீளுவது உணவின் புகழல்ல, மூடியின் புகழ். உணவை அளக்க வேண்டுமானால் இனப்பெருக்கத்தையும், குஞ்சுகள் பெரிதாகி மறுபடியும் குஞ்சு ஈனுவதையும் பார்க்க வேண்டும். அந்த அளவுகோலில் பச்சை மரத்தவளை தேறுகிறது, சிவப்புக்கண் மரத்தவளை கவனமான கைகளில் தேறுகிறது. அவ்வளவும் சரி. எனினும் இவை எல்லாம் பல பத்தாண்டுகள் பல்லாயிரம் பேர் வளர்த்து, கெடுத்து, திருத்திக் கற்ற இனங்கள். அவற்றில் கண்ட எண்களை இன்னொரு கண்டத்தின் இன்னொரு குடும்பத்துத் தவளைக்கு அப்படியே எடுத்துச்செல்வதில் துணிச்சல்தான் கூடுதலாக இருக்கிறது. எண் சரியாக இருந்தாலும் செரிமானம் வேறாகலாம் என்பதற்குக் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு நல்ல எடுத்துக்காட்டு. அதில் கல்சியம் பொஸ்பரசைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதால், பொடியே வேண்டாத புழு என்று வியாபாரத்தில் கொண்டாடினார்கள். கரிபியன் தீவுகளின் பெரிய தவளை ஒன்றுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டு ஆய்வில் புழுக்கள் பெருமளவு தோல் கிழியாமலே வெளியேறின. நசுக்கிக் கொடுத்தபோதுதான் கல்சியம் நன்றாகச் சேர்ந்தது. தாளில் சரியாக இருந்த கணக்கு குடலில் பிழைத்தது.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர் வேறொரு மறுப்பை எழுப்பக்கூடும். பண்ணைப் பூச்சியே இங்கு வேண்டியதில்லை, விளக்கடியில் வலையைப் பிடித்தால் பத்து வகைப் பூச்சி விழும், தேரை வெளியே தின்பதும் அதைத்தானே என்பது. வகை என்ற முறையில் இதை மறுக்க முடியாது. பொடி தூவிய ஒரே பூச்சியைவிட இந்தக் கலவை மேலானது. ஆனால் வலிகாமத்தில் இணுவில், உரும்பிராய், கோப்பாய் பக்கம் வீடும் தோட்டமும் வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்தான். வெங்காயத்துக்குப் பச்சைப்புழு, மிளகாய்க்கு இலைச்சுருட்டல் என்று மருந்தடிக்காத கிழமை குறைவு. அடிபட்டும் சாகாத பூச்சி விளக்கடிக்கு வரும். தள்ளாடிப் பறப்பதால் வலையிலும் முதலில் அதுவே விழும். சுவரில் வாழும் தேரையும் அதைத் தின்னத்தானே செய்கிறது என்றால், ஆம், தின்கிறது. ஆனால் அதற்கு ஓரிரவு ஒன்று அகப்படும், மறுநாள் வேறிடம் போகும். பெட்டித் தேரை வலையில் சேர்ந்த அத்தனையையும் தின்னும். தண்ணீரும் இதே கதைதான். தேரை வாயால் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. அந்தவகையில் அதன் உணவில் பாதி அது உட்கார்ந்திருக்கும் நீர். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில், தோட்டங்களில் போடும் உரத்தால், நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகள் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. தவளையின் வாற்பேய்களை இது கூடுதலாகப் பாதிக்கும். குளோரின் போட்ட கிணற்று நீரும் ஆறவிடாமல் ஊற்றினால் தோலுக்கு ஆகாது. மழைநீரைச் சேர்த்து வைப்பதே பாதுகாப்பு. உணவு அட்டவணைகளில் நீருக்கு ஒரு வரி ஒதுக்கியிருப்பது போதவே போதாது.

பிள்ளைகள் உயிரினத்தை நெருங்கி அறிய வளர்ப்பு உதவும் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஊட்டுவதில் ஒரு கல்வி இருக்கிறது. பூச்சியை அளந்து, கல்சியத்தைக் கணக்கிட்டு, எடை பார்த்துப் பழகிய பிள்ளை உணவு என்றால் என்ன என்பதைப் பாடப்புத்தகத்தைவிட நன்றாக அறிந்துகொள்ளும். ஆனால் இந்தக் கல்விக்குப் பெட்டி தேவைப்படுவது தேரை வீட்டில் இல்லாத ஊர்களில். விளக்கடிச் சுவருக்கு எதிரே ஒரு மணிநேரம் உட்கார்ந்து பார்த்தால், எந்தப் பூச்சியை எடுக்கிறது, எதைத் துப்புகிறது, உரித்த தன் தோலையே எப்படி இழுத்து விழுங்குகிறது என்பதெல்லாம் பெட்டியைவிடத் தெளிவாகத் தெரியும். சட்டமும் பிடித்து வளர்ப்பதற்கு எதிரே நிற்கிறது. 1937இல் தோன்றிப் பலமுறை திருத்தப்பட்ட விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையில் காட்டுயிர்களைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்துகிறது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில்கூடத் தன் நாட்டுத் தவளையை வளர்க்க அனுமதிப்பத்திரம் வேண்டும். இதைவிடப் பெரிய காரணம் நோய். 1999இல் பெயரிடப்பட்ட கைற்றிறிட்டு என்ற தோற்பங்கசு உலகெங்கும் தவளைகளை அழித்தது, அது பரவியதில் தவளை வணிகத்துக்குப் பங்குண்டு. வளர்த்துச் சலித்துப்போய்க் கிணற்றடியில் திருப்பி விடுவது கருணைபோலத் தோன்றும். பிற தவளைகளோடு ஒரே பெட்டியில் இருந்ததை அப்படி விடுவது மற்றவற்றுக்கு நஞ்சு வைப்பதற்கு நிகர்.

அப்படியானால் இந்த முறை எங்கே நியாயமாகிறது? அந்தப் பங்கசே விடை தருகிறது. மேலே சொன்ன கரிபியன் தவளை டொமினிக்காவிலும் மொன்செராற்றிலும் மட்டும் வாழ்வது. டொமினிக்காவில் 2002இலும் மொன்செராற்றில் 2009இலும் நோய் வந்து இனத்தை ஏறக்குறைய துடைத்துவிட்டது. மீந்தவற்றிலிருந்து ஐரோப்பிய விலங்குக் காட்சிச்சாலைகள் குஞ்சு பெறுகின்றன. அங்கே கல்சியப் பொடியும் நிறப்பொருளும் இல்லாவிட்டால் இந்தக் காப்பு முயற்சியே இல்லை. இலங்கையும் இதில் சம்பந்தமில்லாத நாடல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட தவளையினங்கள் உள்ள இத்தீவில் பதினைந்துக்கும் மேற்பட்டவை மறைந்துவிட்டன என்று கணிக்கப்பட்டிருக்கிறது. அவை பெரும்பாலும் மலைநாட்டு ஈரக்காட்டில் வாழ்ந்தவை. அவற்றின் எஞ்சிய உறவினங்களுக்கு ஒருநாள் பெட்டி தேவைப்பட்டால், அவற்றுக்கு ஊட்டக் கற்றவர்கள் வேண்டும். வீட்டு வளர்ப்பாளர்கள் சேர்த்த அனுபவம் அப்போது பெறுமதியானது. இந்தப் பயன் குடாநாட்டுத் தேரைக்குப் பொருந்தாது, ஏனென்றால் அது எங்கும் மலிந்திருக்கிறது, பெட்டி அதற்குக் காப்பு அல்ல. ரொறொன்ரோக் கடையில் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த பச்சை மரத்தவளைக்கு நிலைமை வேறு. அதற்குத் திரும்பிப்போகக் காடு இல்லை. அதை வாங்கியவர் மேற்சொன்ன பொடி, குடல்தீனி, நிறப்பொருள், தராசு எல்லாவற்றையும் செய்யக் கடமைப்பட்டவர், குறைபட்ட முறையானாலும் அதைவிட நல்லது இப்போதைக்கு இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது. பூனை கவ்விய தேரை, கதவிடுக்கில் கால் நசுங்கிய தேரை. இதைச் சில நாள் காப்பவர் முதலில் தேடி ஓடுவது பூச்சிக்கு. அங்கேதான் பிழை நேர்கிறது. காயம்பட்ட தவளைக்கு உயிருள்ள சுவர்க்கோழி உணவல்ல, காயத்தைக் கடிக்கும் எதிரி. நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த தேரை ஒரு கிழமை தின்னாமல் இருக்கும், அதன் உடல் அதற்குப் பழகியதே. இப்படிப்பட்ட சில நாள்களுக்குப் பொடியும் தேவையில்லை, வாயைத் திறந்து திணிக்கவும் கூடாது, தாடை எலும்பு மெல்லியது. சேர்த்து வைத்த மழைநீரில் நனைத்த துணி விரித்த ஒரு பெட்டி, மூடியில் காற்றோட்டத்துளை, நிழல். நாள்தோறும் துணியை மாற்றி, அது கால்களை மடக்கிச் சுவரில் ஏறத் தொடங்கியதும், வேறு தவளையோடு சேர்க்காமல், எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருட்டியபின் விட்டுவிட்டால் போதும். இரையை அது தானே தேடிக்கொள்ளும்.